எந்தக் கடிக்கு எந்த இலை?

திருப்பரங்குன்றம் மலையடியிலிருந்து தென்கால், நிலையூர்க் கண்மாய்க் கரைகள் வழியாகத் திருமங்கலம் வரை விரியும் சமவெளியில், ஐப்பசி மழை விழுந்த சில வாரங்களில் குப்பைமேனியும் தும்பையும் நாயுருவியும் தரிசெங்கும் முளைத்துவிடுகின்றன. அதே மழைதான் கல்லிடுக்கில் கிடக்கும் தேளையும் பூரானையும் வீட்டுக்குள் விரட்டுகிறது. தேங்கிய நீரில் கொசுவைப் பெருக்குகிறது. தெருவிளக்கடியில் ஆசிட் பூச்சியைக் கூட்டுகிறது. கடியும் செடியும் ஒரே பருவத்தில் ஒரே மண்ணிலிருந்து எழுவதைத் தலைமுறைகளாகப் பார்த்த மக்கள் இரண்டையும் இணைத்து ஒரு கைமருத்துவத்தைக் கட்டியெழுப்பியதில் வியப்பில்லை. குளவி கொட்டினால் குப்பைமேனியை உப்போடு கசக்கிப் பிழிவது, தேள் கொட்டினால் புளியங்கொட்டையைக் கல்லில் உரசிக் கடிவாயில் ஒட்டவைப்பது, பூரான் கடித்தால் வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுப்பது, தேனீ கொட்டினால் சுண்ணாம்பு தடவுவது, எது கடித்தது என்றே தெரியாமல் உடம்பு தடித்தால் ‘காணாக்கடி’ என்று சொல்லி ஆடுதீண்டாப்பாளையை அரைத்துக் கொடுப்பது என்று அதன் பட்டியல் நீளும். இவை கேட்குமா கேட்காதா என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி. ஒரே பதிலில் அடங்கும் கேள்வியல்ல அது. விஷக்கடி என்று ஒன்றாகக் கட்டிவைக்கப்படுபவை உண்மையில் நான்கு வெவ்வேறு நோய்கள். அவற்றைப் பிரிக்காமல் எந்த இலையையும் புகழவும் முடியாது, தள்ளவும் முடியாது. பிரித்துப் பார்த்தால், இந்த மருந்துகளில் பெரும்பாலானவை நஞ்சை முறிப்பதாக எண்ணச் சான்றில்லை என்பதும், வலியையும் அரிப்பையும் ஆற்றும் அளவில் அவற்றுக்கு நியாயமான இடம் உண்டு என்பதும் தெரியவரும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

முதல் வகை, கடிவாயோடு நின்றுவிடும் எதிர்வினை. கட்டெறும்பு, கொசு, மூட்டைப்பூச்சி, ஒற்றைக் குளவி, ஒற்றைத் தேனீ, பூரான், நட்டுவாக்காலி எனப்படும் பெரிய கருந்தேள் ஆகியவற்றின் கடிகளில் மிகப் பெரும்பாலானவை இதில் அடங்கும். வலி கடுமையாக இருக்கலாம், வீக்கம் இரண்டு நாள்வரை ஏறலாம். ஆனால் தானாகவே வடிந்துவிடும். இரண்டாவது வகை, ஒவ்வாமை. முன்பு கொட்டுப்பட்டு உடலில் ஒவ்வாமை உருவாகிவிட்ட ஒருவருக்கு ஒரே ஒரு தேனீயோ குளவியோ கொட்டினாலும் சில நிமிடங்களில் மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிர் போகலாம். மூன்றாவது வகையில் நஞ்சின் அளவோ தன்மையோ உடல் முழுவதையும் தாக்குகிறது: சிறிய செந்தேளின் கொட்டும், கலைந்த பெருந்தேனீக் கூட்டம் நூற்றுக்கணக்கில் கொட்டுவதும் இதைச் சேர்ந்தவை. நான்காவது வகையில் கடி ஒரு நுழைவாயில் மட்டுமே; அதன் வழியே உள்ளே போகும் கிருமிதான் நோய். டெங்கு, மலேரியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸ் ஆகியவை அப்படி வருபவை. முதல் மூன்றிலும் தொடக்கத்தில் தோலில் தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான்: சிவப்பு, தடிப்பு, வலி அல்லது அரிப்பு. நான்காவதில் அதுகூடத் தெரியாமல் போகலாம். கடிவாயை மட்டும் பார்த்து மருந்திடும் பழக்கத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான். ஆபத்து இருக்கும் இடமும் மருந்து போடும் இடமும் வெவ்வேறாக இருக்கலாம்.

கைமருந்துகளின் புகழ் முழுவதும் முதல் வகையில் பிறக்கிறது. கொசுக்கடித் தடிப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். குளவி கொட்டிய கூர்மையான வலி பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் மந்தமாகும். பூரான் கடியும் ஒரு நாளில் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்தைத் தேடுகிறார். உச்சத்துக்குப் பின் இறக்கம்தான் வரும். ஆகவே அந்த நேரத்தில் எதை வைத்தாலும், வைத்தபின் குறைந்தது என்ற அனுபவம் கிடைத்தே தீரும். இது ஊகமல்ல என்பதற்கு உலகெங்கும் உள்ள கைமருந்துகளின் பன்மையே சான்று. இங்கிலாந்தின் சிற்றூர்களில் காஞ்சொறி வகைச் செடி பட்ட இடத்தில் டாக் எனும் செடியின் இலையைத் தேய்க்கிறார்கள். வேறு நாடுகளில் சமையல் சோடா, வினிகர், களிமண், வெங்காயம். மதுரைச் சமவெளிக்குள்ளேயே ஒரே குளவிக்குக் குப்பைமேனி, தும்பை, நாயுருவி, வெங்காயம், மண்ணெண்ணெய் என்று ஊருக்கு ஒன்று சொல்வார்கள். வேதியியல் முறையில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இத்தனை பொருள்களும் ஒரே நோயை ஒரே வேகத்தில் தீர்க்கின்றன என்றால், அவை அனைத்துக்கும் பொதுவாக உள்ள ஒரே காரணம் காலம்தான்.

இப்படி ஏமாறுவது நாட்டு மருத்துவத்துக்கு மட்டும் உரிய பலவீனம் என்று நினைப்பது தவறு. தேனீ, குளவி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு 1930களிலிருந்து மேலைநாட்டு மருத்துவர்கள் ஒரு ஊசி போட்டுவந்தார்கள். பூச்சியை முழு உடலோடு அரைத்து எடுத்த சாறு அது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் மறுமுறை கொட்டுப்பட்டபோது பிழைத்தார்கள். மருத்துவர்களும் நோயாளிகளும் மருந்தை நம்பினார்கள். 1978இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒவ்வாமை உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தூய நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். ஒன்றுக்கு அந்தப் பழைய முழுவுடல் சாறு. ஒன்றுக்கு வெற்று மருந்து. பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே பூச்சியைக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள். வெற்று மருந்துக் குழுவில் 12 பேரில் 7 பேருக்கு உடல் முழுவதுமான எதிர்வினை வந்தது. முழுவுடல் சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கு வந்தது. தூய நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு மருத்துவ அனுபவம், ஒப்பிட்டுப் பார்த்த ஒரே சோதனையில் பயனற்றது என்று தெரிந்தது. பட்டம் பெற்ற மருத்துவர்களின் ஐம்பதாண்டு அனுபவம் அப்படிப் பொய்க்குமானால், பாட்டன் பூட்டன் காலத்து அனுபவம் என்பதும் ஒப்பீடு இல்லாதவரை சான்றாகாது. வைத்தியருடைய நேர்மையையோ அறிவையோ இது ஐயப்படவில்லை. மருந்து வைக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்காத எந்த அனுபவத்துக்கும் இந்த ஓட்டை உண்டு.

அப்படியானால் இந்த இலைகளில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் இடத்தில் இல்லை. கசக்கிய ஈர இலை தோலைக் குளிர்விக்கிறது. குளிர்ச்சி அரிப்பையும் வலியையும் உடனே மட்டுப்படுத்தும் என்பது உறுதியான உடலியல் உண்மை. பல மூலிகைகளில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தோலின் மேற்பரப்பை இறுக்கும். குப்பைமேனி, தும்பை, மஞ்சள் ஆகியவற்றின் சாறுகள் எலிகளிடமும் சோதனைக் குழாய்களிலும் வீக்கத்தைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் உள்ளன. கவனிப்பாரின் கை படுவதும், மருந்து கிடைத்துவிட்டது என்ற தெளிவும் வலியைக் குறைக்கும். அரிப்பைப் பொறுத்தவரை வெற்று மருந்துகளே கணிசமான ஆறுதல் தருகின்றன. அழுகிற குழந்தையின் காலில் குப்பைமேனிச் சாறு பிழிவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. கழுவிய தோலில், புண்ணில்லாத இடத்தில், முதல் வகைக் கடிக்கு அது ஏற்கத்தக்க ஆற்றுமருந்து. சிக்கல் எழுவது, ஆற்றுமருந்தை முறிமருந்தாக உயர்த்தும்போது.

புளியங்கொட்டை வைத்தியம் இந்த உயர்வு எப்படி நிகழ்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. கொட்டையின் பழுப்புத் தோலைக் கல்லில் உரசி நீக்கி, வெளிப்படும் வெள்ளைப் பருப்பைச் சூடு தாங்கும் அளவில் கடிவாயில் அழுத்தினால் அது ஒட்டிக்கொள்ளும். விஷம் உள்ளவரை ஒட்டியிருக்கும், உறிஞ்சி முடித்ததும் தானே விழும் என்பது நம்பிக்கை. புளியம்பருப்பில் பெரும்பங்காக இருப்பது சைலோகுளுக்கன் என்னும் ஒட்டும் மாவுப்பொருள். தறிக்குப் போகும் பாவுநூலுக்குக் கஞ்சியிடப் புளியங்கொட்டை மாவைப் பயன்படுத்துவதும், கண் உலர்வுக்கான சொட்டு மருந்துகளில் அதைச் சேர்ப்பதும் இந்த ஒட்டும் குணத்துக்காகத்தான். ஈரத்தில் ஒட்டும், உலர்ந்தால் உதிரும். விஷமே ஏறாத தோலிலும் அது அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் கொட்டுப்பட்டவருக்கு, கொட்டை விழுந்த நேரமும் வலி தணிந்த நேரமும் ஏறத்தாழ ஒன்றாக அமைவதால், உறிஞ்சியது என்ற விளக்கம் கண்ணால் கண்ட உண்மையாகிவிடுகிறது. இதற்கு எதிராக ஒரு மறுப்பு சொல்லப்படலாம்: புளியங்கொட்டைச் சாறு கண்ணாடி விரியன் நஞ்சின் நொதிகளைத் தடுத்ததாக மைசூர் ஆய்வாளர்கள் 2006இல் காட்டவில்லையா? காட்டினார்கள். ஆனால் அது நஞ்சையும் சாற்றையும் நேருக்கு நேர் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனை. தேள் கொடுக்கு நஞ்சைத் தோலுக்கடியில் செலுத்துகிறது. அங்கிருந்து அது ரத்தத்தில் கலக்கிறது. தோலின் மேல் ஒட்டிய பருப்பு அதைத் துரத்திப் பிடிக்க வழியில்லை. ஆய்வகச் சான்று ஒரு மூலக்கூறைத் தேடத் தூண்டுகோலாகலாம். கடிவாயில் ஒட்டும் கொட்டைக்கு அது சான்றிதழ் ஆகாது.

சுண்ணாம்பின் கதையும் இத்தகையதே. கொட்டும் பூச்சியின் விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஆகவே ஒன்றை ஒன்று சமன்செய்யும் என்ற விளக்கம் பள்ளி வேதியியலின் துணையோடு இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. இலைக்கூடு கட்டும் முசுறு எறும்பு பீய்ச்சுவது ஃபார்மிக் அமிலம்தான். ஆனால் தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம். அடுத்த முக்கியக் கூறு பாஸ்ஃபோலைப்பேஸ் ஏ2 என்ற நொதி. உயிரணுச் சவ்வைக் கிழிப்பது இவற்றின் வேலை, அமிலத்தின் வேலை அன்று. மேலே தடவும் சுண்ணாம்பு உள்ளே இறங்காது. நேரம் கூடினால் தோலைப் புண்ணாக்கிவிடும். தேனீக் கொட்டில் உண்மையில் பயன்தரும் செயல் எது என்பதை 1996இல் தி லான்செட் இதழில் வந்த சிறிய ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. தேனீ தன் கொடுக்கையும் நஞ்சுப்பையையும் தோலிலேயே விட்டுச் செல்கிறது. பை அதன் பிறகும் துடித்து நஞ்சை இறக்குகிறது. கொடுக்கைச் சுரண்டி எடுப்பதா, விரலால் கிள்ளி எடுப்பதா என்று ஒப்பிட்டபோது வேறுபாடு இல்லை. எத்தனை வினாடி தாமதம் என்பதுதான் தடிப்பின் அளவைத் தீர்மானித்தது. சுண்ணாம்பு டப்பாவைத் தேடிப் போகும் நேரத்தில் நஞ்சின் பெரும்பகுதி உள்ளே போய்விடும். முதலில் கொடுக்கை எடுத்துவிட்டு, பிறகு ஈர இலையோ ஈரத் துணியோ வைத்துக்கொள்ளலாம். வரிசை மாறினால்தான் இழப்பு.

மூன்றாவது வகைக்கு வரும்போது வரிசை மட்டும் போதாது. ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்று விலங்கியல் பெயரிட்ட சிறிய செந்தேள், இந்தியாவின் மிகக் கொடிய தேள். அதன் நஞ்சு நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து, உடலின் அவசரகாலச் சுரப்புகளை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. விடாத வியர்வை, வாந்தி, சில்லிட்ட கைகால், பிறகு இதயத் தளர்ச்சியும் நுரையீரலில் நீர்கோத்தலும். பெரிய கருந்தேளின் கொட்டு கடும் வலி தந்தாலும் பெரும்பாலும் ஆபத்தற்றது. விரல் நீளம்கூட இல்லாத செந்தேள் குழந்தைகளைக் கொல்லும். வலியின் கடுமையை வைத்து ஆபத்தை அளப்பது இங்கே நேரெதிரான முடிவுக்கு இட்டுச்செல்லும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இந்த அறிகுறிகளை நோயாளிகளின் படுக்கையருகே உட்கார்ந்து குறித்து 1982இல் தி லான்செட்டில் எழுதினார். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை அந்த வெள்ளத்தைத் தடுக்கும் என்று 1980களின் நடுவில் காட்டினார். கடுமையான நிலையில் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்குச் சிலராகக் குறைந்தது. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அவரது குழுவின் ஒப்பீட்டுச் சோதனை, பிரசோசினோடு தேள் நஞ்சுமுறி ஊசியும் சேர்ந்தால் விரைவாகத் தேறுகிறார்கள் என்று காட்டியது. பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாத ஊரில், நோயாளிகளை எண்ணி, ஒப்பிட்டு, எழுதிவைத்ததன் விளைவு இது. கிராமத்து அனுபவம் அறிவியலாக மாறுவதற்கான தடை கிராமமும் அல்ல, அனுபவமும் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இலைதானே, கேட்காவிட்டாலும் கெடுதல் செய்யாது என்பது அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு வாதம். விஷக்கடிக்கென்றே பெயர்பெற்ற ஆடுதீண்டாப்பாளை இதற்கு மறுப்பு. மதுரை, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசலில் படரும் இச்செடியும், பெருமருந்துக்கொடி என்றும் ஈஸ்வரமூலி என்றும் அழைக்கப்படும் அதன் இனக்கொடியும் அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம், தேனீ நஞ்சிலும் பாம்பு நஞ்சிலும் உள்ள பாஸ்ஃபோலைப்பேஸ் ஏ2 நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வகங்கள் கண்டறிந்துள்ளன. அதாவது, நஞ்சுமுறி என்ற பழைய புகழுக்கு ஒரு வேதியியல் அடிப்படை இருக்கும் அரிய இடம் இது. ஆனால் அதே அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கி அழிக்கிறது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கவைக்கும் மாத்திரைகளில் இப்பேரினச் செடி ஒன்று கலந்துவிட்டதால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டபோதுதான் உலகம் விழித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இத்தாவரங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கெடுதல் பல ஆண்டு கழித்து வெளிப்படுவதால், எந்த வைத்தியரின் அனுபவத்திலும் அது பதிவாகியிருக்க முடியாது. வீக்கம் வடிந்தது நினைவில் நிற்கும். பதினைந்து ஆண்டு கழித்துச் சிறுநீரகம் பழுதானதை யாரும் அந்தக் கஷாயத்தோடு சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். காணாக்கடிக்கு இச்செடியை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டியது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

மற்ற இலைகளிலும் இடத்துக்கேற்ற எச்சரிக்கை வேண்டும். குப்பைமேனியை மேலே பூசுவது வேறு, உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு. அதைக் கஞ்சியில் சேர்த்துக் குடித்தவர்களில், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்கள் திடீரென உடைந்த நிகழ்வுகளை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவுசெய்தார்கள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கப்படும். ஆசிட் பூச்சி கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோலில் நசுங்கும்போது அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்ற பொருள் கொப்புளம் எழுப்புகிறது. அங்கே எந்த இலையைத் தேய்த்தாலும் நஞ்சு பரவி, கொப்புளக் கோடு நீளும். சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. கம்பளிப்பூச்சி மயிரும் தேய்த்தால் ஆழமாக இறங்கும். திருப்பரங்குன்றம் வட்டாரத்துக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விளைவிக்கும் தோட்டங்கள் மொக்குப்புழுவுக்காகப் பூச்சிமருந்து அடிக்கப்படும் தோட்டங்கள். வரப்போரம் முளைத்த குப்பைமேனியில் அந்த மருந்தும் படிந்திருக்கும். விடியுமுன் மொக்குப் பறிக்கப் போகிறவர்கள்தான் பூச்சிக்கடிக்கு அதிகம் ஆளாகிறவர்கள். அவர்கள் கைக்கு முதலில் எட்டுவதும் அந்த இலைதான். நம் முன்னோர் பறித்த இலையும் இன்று வரப்பில் பறிக்கும் இலையும் பெயரில் மட்டுமே ஒன்று.

நான்காவது வகையில் இலைக்கு இடமே இல்லை. ஆனால் கவனத்துக்கு இடமுண்டு. ஸ்க்ரப் டைபஸ் கிருமியைப் பரப்பும் சிற்றுண்ணிக் குஞ்சு புதர்களிலும் புல்லிலும் இருக்கும். அதன் கடி வலிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. அந்தப் பொருக்கைக் கண்டு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால் விரைவில் குணமாகும். தவறவிட்டால் பல உறுப்புகள் செயலிழக்கும். 2025 தொடக்கத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறை இந்நோய் குறித்து எச்சரிக்கை விடுத்தது. கடி என்றால் வலிக்க வேண்டும், வலித்த இடத்தில் மருந்திட வேண்டும் என்ற மரபான பார்வையின் கண்ணில் இந்த நோய் படுவதே இல்லை. மாறாக, காணாக்கடி என்று சொல்லப்படும் உடல் தடிப்புகளில் பல எந்தக் கடியாலும் வருவதில்லை. அவை உணவாலோ மருந்தாலோ நோய்த்தொற்றாலோ எழும் தோல் ஒவ்வாமை. இல்லாத கடிக்கு மருந்து தேடும் பழக்கம், இருக்கும் கடியைக் காணாமல் விடும் பழக்கத்தோடு சேர்ந்தே இயங்குகிறது.

சித்த மருத்துவத்தின் பக்கமிருந்து வலுவான மறுப்பு ஒன்று வரும். தனியொரு இலையை எடுத்துச் சோதித்துவிட்டு முறையையே குறை சொல்வது நியாயமா என்பது அது. இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயதாகிறது. 1918 முதல் 1921 வரை சென்னையில் மருத்துவர் கோமன் நாட்டு மருந்துகளைச் சோதித்து அறிக்கை தந்தபோது, மருந்தை முறையிலிருந்து பிரித்துச் சோதித்தார் என்று வைத்தியர்கள் அவருக்கு மறுப்பு எழுதினார்கள். அதன்பின் அமைந்த உஸ்மான் குழு 1923இல் நாட்டு மருத்துவ முறைகளுக்கு ஆதரவாக அறிக்கை அளித்தது. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஏட்டு மரபிலுள்ள நஞ்சுமருத்துவம் கடித்த உயிரை இனம்பிரித்தது, குறிகுணங்களை வரிசைப்படுத்தியது, தீரும் நிலை எது, தீராத நிலை எது என்று எல்லை வகுத்தது. வேப்பிலையையோ மிளகையோ மெல்லக் கொடுத்துச் சுவை தெரிகிறதா என்று கேட்கும் ஊர்வழக்கமும் ஒரு வகையில் நோய் நிலையைப் பிரித்தறியும் முயற்சியே. அது நம்பத்தக்க சோதனை அன்று என்றாலும், மருந்துக்கு முன் நிலையை அறிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பாட்டி வைத்தியத்தில் இந்தப் பிரிப்பும் எல்லையும் உதிர்ந்துபோய், விஷக்கடிக்கு இந்த இலை என்ற ஒற்றை வரி மட்டும் எஞ்சியிருக்கிறது. மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் மரபின் சிறந்த பகுதியைத்தான் தொலைத்திருக்கிறார்கள். முறையோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க கோரிக்கை. சோதனையே வேண்டாம் என்பதற்கு அது போர்வையாகக் கூடாது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு: முதல் வகைக்கு மட்டுமே பயன்படும் இலைகளுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடலாமே? இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதுரையில் நிறுவிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுக்கள் நெல்வயல்களில் பெருகுவதை ஆராய்ந்தது. ரேச்சல் ரூபன், டி. ஆர். ராவ் முதலிய ஆய்வாளர்கள் 1990களின் முற்பகுதியில் வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவை வயலில் இட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சி, எதுவும் செய்யாத வயலோடு ஒப்பிட்டார்கள். கொசுப்புழுக்கள் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. வேம்பு பூச்சியை விரட்டும் என்ற ஊரறிந்த செய்தி, அருகில் ஒப்பீட்டு வயல் ஒன்று இருந்த காரணத்தால் பொது சுகாதார அறிவாக உயர்ந்தது. வேம்பை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச முடிந்தது. குப்பைமேனிக்கும் தும்பைக்கும் இல்லாதது அந்த ஒப்பீட்டு வயல்தான்.

மருத்துவமனை எட்டாத ஏழைகளுக்கு வேறு வழி ஏது என்ற வாதம் ஒரு காலத்தில் மறுக்க முடியாததாக இருந்தது. இன்று திருப்பரங்குன்றம் 2011 முதல் மதுரை மாநகராட்சியின் பகுதி. அரசு இராசாசி மருத்துவமனை பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. 108 ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. ஒவ்வாமை அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும் அட்ரினலின் ஊசி விலை உயர்ந்த மருந்தல்ல; தொடைத் தசையில் உடனே போட வேண்டியது. ஆகவே இங்கே உயிரைத் தீர்மானிப்பது தொலைவைவிட, இலை வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நேரம்தான். கொட்டிய சில நிமிடங்களில் உடல் முழுவதும் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சுத் திணறல், மயக்கம். தேள் கொட்டில் விடாத வியர்வை, வாந்தி, சில்லிட்ட கைகால். ஒரே நேரத்தில் பல தேனீக்கள் கொட்டியது. பூச்சிக்கடிக்கும் காட்டுவேலைக்கும் பின் வரும் காய்ச்சல். இந்த நான்கில் எதைக் கண்டாலும் இலையைத் தேடாமல் புறப்பட வேண்டும் என்பது ஊரறிந்த அறிவாக வேண்டும். இதை மிக எளிதாகப் பரப்பக்கூடியவர்கள், மக்கள் முதலில் தேடிப் போகும் நாட்டு வைத்தியர்களும் நாட்டுமருந்துக் கடைக்காரர்களும்தான். அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் செய்ய முடியாது.

மீதமிருக்கும் முதல் வகைக் கடிகளுக்கு ஒரு நேர்மையான சோதனை கடினமோ செலவோ அன்று. பூப்பறிக்கும் பருவத்தில், எறும்போ கொசுவோ குளவியோ கடித்து வருபவர்களை மூன்றாகப் பிரிக்கலாம்: ஒரு குழுவுக்குக் கழுவி அரைத்த குப்பைமேனி, ஒன்றுக்கு மருந்துப் புகழ் எதுவும் இல்லாத ஒரு பச்சை இலையின் விழுது, ஒன்றுக்குக் குளிர்ந்த ஈரத்துணி. ஒரு மணி, ஆறு மணி, ஒரு நாள் கழித்து வீக்கத்தின் அகலத்தையும் அரிப்பின் அளவையும் குறித்தால் போதும். முறையோடு சோதிக்க வேண்டும் என்பவர்களுக்காக, நாடி பார்த்துச் சித்த மருத்துவர் தேர்ந்தெடுக்கும் பூச்சு என்று நான்காவது குழுவையும் சேர்க்கலாம். தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மதுரையில் பல்கலைக்கழகமும் பெரிய அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. குப்பைமேனி வென்றால், மலிவான, வரப்பிலேயே கிடைக்கும் மருந்து ஒன்று உலகுக்குக் கிடைக்கும். பச்சை இலை எதுவும் அதே பயன் தந்தால், குளிர்ச்சிதான் மருந்து என்று தெரியும். ஈரத்துணியே போதும் என்றால், பூச்சிமருந்து படிந்த இலையைத் தோலில் தேய்க்கும் தேவை ஒழியும். மூன்றில் எந்த முடிவு வந்தாலும் பூப்பறிக்கும் கைகளுக்கு நன்மைதான். சோதிக்காமல் போற்றுவதும் சோதிக்காமல் தூற்றுவதும் மட்டுமே அந்தக் கைகளுக்கு எதையும் தருவதில்லை.